கடலுக்குள் ஒரு துணிப்பை

தஞ்சைத் தரணியில் பிறந்தவர்களுக்கு நீரைப் பற்றி எவரும் பாடம் சொல்லத் தேவையில்லை. மதகைத் திறக்கவும், மடையை அடைக்கவும், வரப்பை உயர்த்தவும், வடிகாலைச் சீர்செய்யவும் நம் பிள்ளைகள் ஏட்டுக் கல்வியைத் தொடங்கும் முன்பே கற்றுவிடுகின்றனர். ஓடும் நீரை அடியோடு நிறுத்த இயலாது. ஆனால் அதன் வேகத்தைத் தணித்து, வேண்டிய திசையில் திருப்பிவிட இயலும். கரிகாற் சோழன் பெயரால் வழங்கும் கல்லணை நம் முன்னோர்க்கும் நமக்கும் கற்பித்துவரும் பாடம் இதுவே.

ஆயினும், நம் வயல்களை நனைத்த நீர் கடலிற் கலந்த பின்னர், அக்கடலின் மேல் பிழைப்பை நடத்தும் நம் சகோதரர்கள் காற்றையும் அலையையும் எவ்வாறு சமாளிக்கின்றனர் என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கின்றோம்? மீன் நம் வீட்டு வாசலுக்கு வருகின்றது, விலை பேசி வாங்குகின்றோம், அத்துடன் மறந்துவிடுகின்றோம். அந்த மறதியைச் சற்றே போக்கிக்கொள்ளும் வாய்ப்பு மாசி மாதத்து ஒருநாள் எங்களுக்குக் கிட்டியது. அன்று கண்டதையும் கேட்டதையும் குடும்பத்தினர் அனைவரோடும் பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

நெல் வயலிலிருந்து கடற்கரைக்கு

நாங்கள் மூவர் விடியற்காலையில் தஞ்சையிலிருந்து பேருந்தில் புறப்பட்டோம். அம்மாப்பேட்டை, நீடாமங்கலம், திருவாரூர், கீழ்வேளூர் என்று ஊர்கள் ஒவ்வொன்றாகக் கடந்தன. சம்பா அறுவடை முடிந்து, தாள்களுக்கிடையே தெளித்த உளுந்தும் பயறும் இரண்டிலை விட்டிருந்தன. சாலையோரங்களில் நெல் மூட்டைகள் அடுக்கப்பட்டு, அவற்றின்மேல் தார்ப்பாய்கள் போர்த்தப்பட்டிருந்தன. அந்தத் தார்ப்பாய்களை நாங்கள் அப்போது ஒரு பொருட்டாகப் பார்க்கவில்லை. அவற்றுள் ஒன்றைச் சில மணி நேரத்தில் வேறொரு கோலத்தில் சந்திக்கப் போகின்றோம் என்பதை அறியோம்.

நாகப்பட்டினம் 1991ஆம் ஆண்டுவரை தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்ததாகவே இருந்தது. ஆகவே நெல்லும் மீனும் ஒரே மாவட்டத்தின் இரு விளைச்சல்கள் என்று சொல்லிவந்தோம். எல்லைக் கோடு பிரிந்தாலும் நீர் பிரியவில்லை. வெண்ணாற்றின் கிளைகளான கடுவையாறும் வெள்ளையாறும் இன்றும் நாகைக்கும் வேளாங்கண்ணிக்கும் அருகிலேதான் கடலைச் சேருகின்றன.

வேளாங்கண்ணியில் இறங்கி ஆலயத்தில் சிறிது நேரம் செபித்தோம். 1962ஆம் ஆண்டில் பசிலிக்காவாக உயர்த்தப்பட்ட இத்திருத்தலத்துக்கும் கடற்பயணத்துக்கும் உள்ள தொடர்பை நம் வாசகர்கள் அறிவார்கள். புயலிற் சிக்கிய போர்த்துக்கீசிய மாலுமிகள் கரை சேர்ந்த வரலாற்றை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதே கரையில் 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கி வந்து யாத்திரிகர்களையும் ஊர் மக்களையும் வாரிச் சென்றதையும் நாம் மறக்கவில்லை. நாகை மாவட்டத்தில் மட்டும் அன்று மாண்டவர்கள் ஏறத்தாழ 6,000 பேர். 1977 நவம்பர் 12ஆம் நாள் வீசிய புயலையும், 2018 நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் வேதாரண்யத்துக்கு அருகே கரை கடந்த கஜா புயலையும் இப்பகுதி முதியவர்கள் தம் குடும்பத்தின் பிறப்பு இறப்புகளைப் போலவே நாள் தவறாது சொல்கின்றனர்.

எங்களுள் ஒருவருக்கு அறிமுகமான மீனவக் குடும்பம் ஒன்று, அங்கிருந்து தெற்கே நடந்து செல்லும் தொலைவில் ஒரு குப்பத்தில் வசிக்கின்றது. அவர்கள் விளம்பரத்தை விரும்பாத எளியவர்கள். ஆதலின் பெயர்களைக் குறிப்பிடாது விடுகின்றோம். குடும்பத்தின் பெரியவருக்கு அறுபது வயதைத் தாண்டியிருக்கும். நாங்கள் சென்றபோது அவர் வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தார். பக்கத்துத் திண்ணையில் அவருடைய அண்ணியார் அமர்ந்து, கோணி ஊசியால் ஏதோ ஒரு தடித்த துணியைத் தைத்துக்கொண்டிருந்தார்.

“வாங்கய்யா, உட்காருங்க. பையன் இன்னும் கரைக்கு வரலை. பத்து மணிக்கெல்லாம் வந்துடுவான், இன்னிக்குக் கொஞ்சம் தாமசம்” என்றார் பெரியவர். பையன் என்று அவர் குறிப்பிட்டது அண்ணியாரின் ஒரே மகனை.

நாங்கள் பேச்சுக்குத் துணையாக, “அம்மா தைப்பது என்ன?” என்று கேட்டோம். அவர் மறுமொழி கூறவில்லை. பெரியவரே எழுந்து, திண்ணையின் மூலையில் கிடந்த மற்றொரு பையை எடுத்து எங்கள் முன் வைத்தார்.

பையின் வேலை

பார்வைக்கு அது வாயகன்ற பெரிய புனல் போல் இருந்தது. வாய் ஏறக்குறைய மூன்றடி அகலம். வால்புறம் ஒரு கைப்பிடி அளவே உள்ள சிறு துளை. வாயின் விளிம்பில் பிரம்பு வளையம் ஒன்று தைக்கப்பட்டிருந்தது. வளையத்தின் நான்கு இடங்களிலிருந்து நான்கு கயிறுகள் கிளம்பி, ஒரு சுழலும் இரும்பு வளையத்தில் ஒன்றுசேர்ந்தன. அங்கிருந்து நீண்ட, தடித்த கயிறு ஒன்று தொடங்கியது. வால்புறத்தில் மெல்லிய கயிறு ஒன்று தனியே கட்டப்பட்டிருந்தது. துணியை உற்று நோக்கினோம். நெல் மூட்டைகளின்மேல் போர்த்தப்பட்டிருந்த அதே தார்ப்பாய்!

“கொள்முதல் நிலையத்துக்குப் பக்கத்துல கிழிஞ்ச பாயை விலைக்குப் போடுவாங்க. அண்ணி வாங்கிட்டு வந்து, நல்ல பகுதியா வெட்டி, ரெட்டைத் தையலாப் போடுவாங்க. உங்க ஊர் நெல்லைக் காத்த பாய்தான் ஐயா, இப்ப எங்க பிள்ளைங்களைக் காக்குது” என்று பெரியவர் சிரித்தார்.

இதனை நூல்களில் கடல் நங்கூரம் என்று குறிப்பிடுகின்றனர். நங்கூரம் என்று பெயர் பெற்றாலும் இது தரையைத் தொடுவதில்லை. இரும்பு நங்கூரம் கடலடியைக் கவ்விப் பிடிக்கும். கயிறு எட்டும் ஆழம் வரையில்தான் அதற்கு வேலை. ஆழ்கடலில் அது பயனற்றது. அங்கே படகைப் பிடித்து நிறுத்த நீர் ஒன்றைத் தவிர வேறு பொருள் இல்லை. அந்த நீரையே பிடிமானமாக ஆக்கிக்கொள்வதுதான் இப்பையின் நுட்பம்.

இயந்திரம் ஓயும்போது படகு சும்மா நிற்பதில்லை. நீருக்கு மேலே இருக்கும் அதன் உடலைக் காற்று தள்ளுகின்றது. அத்துடன் படகு தன் பக்கவாட்டை அலைக்குக் காட்டித் திரும்பிக்கொள்கின்றது. அலை பக்கவாட்டில் மோதினால் சிறு படகு புரண்டுபோகும் அபாயம் மிகுதி. இந்நிலையில், படகின் முன்பகுதியாகிய அணியத்தில் கயிற்றைக் கட்டிப் பையை நீரில் இட்டால், அது நீரால் நிரம்பி விரிகின்றது. காற்று படகைத் தள்ளுகின்றது. நீர் நிறைந்த பை படகைப் பின்னே இழுக்கின்றது. நீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தி உடையது. ஆதலால் மூன்றடி வாயுள்ள பைகூடப் பெரிய படகின்மேல் மோதும் காற்றோடு மல்லுக்கு நிற்க வல்லதாகின்றது. மேலும், இழுக்கும் வேகம் இருமடங்கானால் பையின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். காற்று வலுக்க வலுக்கப் பையும் தன் பிடியை வலுப்படுத்துகின்றது. படகின் முகம் அலையை நோக்கித் திரும்புகின்றது. மிதந்து செல்லும் வேகமும் தணிகின்றது.

மீன்பிடித் தொழிலுக்கும் இது உதவுகின்றது. தூண்டில் போடுவோர் மீன் நிறைந்த ஓரிடத்தை விட்டுப் படகு விரைந்து ஓடிவிடாதபடி இப்பையை இடுகின்றனர். படகு மெல்ல நகரும்போதுதான் தூண்டில் செங்குத்தாக இறங்கி ஆழத்திலுள்ள மீனை எட்டும். பையை அணியத்தில் கட்டினால் படகு காற்றுக்கு முகங்காட்டி நகரும். அணியத்தில் ஒன்றும் பின்புறத்தில் ஒன்றுமாக இரண்டு பைகளைக் கட்டினால் பக்கவாட்டிலேயே சீராக நகரும். படகு நெடுக அமர்ந்து தூண்டில் போடலாம். ஆனால் இது அமைதியான கடலுக்கே ஏற்றது. ஜப்பான் நாட்டவர் கணவாய் பிடிக்கும் கப்பல்களில் குடை வடிவிலான மாபெரும் துணி நங்கூரங்களை இட்டு, இரவெல்லாம் ஒரே இடத்தில் விளக்கேற்றித் தூண்டில் போடுகின்றனர். கப்பல்களில் உயிர்காக்கும் மிதவைகள் ஒவ்வொன்றிலும் இரண்டு கடல் நங்கூரங்கள் இருக்க வேண்டும் என்பது உலக நாடுகள் ஒப்புக்கொண்ட விதி.

“எங்க அப்பா காலத்துல இந்தப் பை ஏது? வலைதான் ஐயா நங்கூரம்” என்று பெரியவர் தொடர்ந்தார். வழிவலையை நீரில் நீளமாக விரித்து, அதன் ஒரு முனையைப் படகிற் கட்டிக்கொண்டு இரவெல்லாம் அதனோடு மிதப்பது இத்தொழிலின் முறை. அவ்வேளையில் வலையே படகைப் பிடித்து வைத்துக்கொள்கின்றது. “வலை தண்ணியில கிடக்கும்போது இன்ஜின் நின்னுபோனா, பயந்துபோய் வலையை ஏத்தாதேன்னு அப்பா சொல்லுவாரு. வலை உள்ளே வந்துட்டா படகு காத்துக்குச் சொந்தம்” என்றார் அவர்.

ஆடி மாதத்து நினைவு

பேச்சு இவ்வளவில் நின்றது. அண்ணியார் ஊசியைத் துணியிற் குத்தி வைத்துவிட்டு எழுந்து, கடலைப் பார்க்கும் பக்கமாகச் சென்று நின்றார். மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. காலையில் ஓய்ந்திருந்த காற்று, கொண்டலாக மாறிக் கிழக்கிலிருந்து வீசத் தொடங்கியிருந்தது.

பெரியவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடி மாதத்தில் அவருடைய அண்ணன், வேறு இருவருடன் கடலுக்குச் சென்றார். அக்காலத்தில் மேற்கிலிருந்து நிலக்காற்று பலமாக வீசும். கரையில் நிற்பவர்க்கு அது கடலை அமைதியாகக் காட்டும். ஆனால் இயந்திரம் பழுதுபட்ட படகை அது கரையை விட்டு நடுக்கடலுக்கே தள்ளிச் செல்லும். அண்ணனின் படகில் இயந்திரம் பழுதானது என்பதை, அவ்வழியே வந்த மற்றொரு படகினர் மாலையில் அறிந்து வந்து சொன்னார்கள். அவர்களுடைய படகிலும் எரிபொருள் குறைவாக இருந்தமையால் இழுத்து வர முடியவில்லை. ஊரே திரண்டு எட்டுப் படகுகளில் தேடிச் சென்றது. இரண்டு பகல், இரண்டு இரவு தேடினார்கள்.

“விட்டுட்டு வந்த இடம் தெரியும் ஐயா. ஆனா அங்கே போனப்ப படகு இல்லை. காத்து எவ்வளவு தூரம் தள்ளியிருக்கும்னு யாருக்கும் கணக்குச் சொல்லத் தெரியலை. அண்ணன் படகுல இந்தப் பை இல்லை. வலையையும் ஏத்தி வெச்சிருந்தாங்க.”

அம்மூவரும் திரும்பி வரவேயில்லை.

இந்த இடத்தில் வாசகர்கள் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். படகு மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் மிதந்து செல்வதாகக் கொள்வோம். பத்து மணி நேரத்தில் அது 30 கிலோமீட்டர் சென்றிருக்கும். திசை சரிவரத் தெரியாவிடில், தேடுவோர் 30 கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டம் முழுவதையும் தேட வேண்டும். அதன் பரப்பு ஏறத்தாழ 2,800 சதுர கிலோமீட்டர். பையின் உதவியால் வேகம் பாதியாகக் குறைந்தால், ஆரம் 15 கிலோமீட்டராகும். பரப்போ ஏறத்தாழ 700 சதுர கிலோமீட்டராகச் சுருங்கும். வேகம் பாதியானால் தேட வேண்டிய கடல் கால் பங்காகின்றது. கிழிந்த தார்ப்பாயில் தைத்த பை, காணாமற்போனவனைத் தேடுவோர்க்குச் செய்யும் உதவி இதுவாகும்.

இதற்கு மற்றொரு பயனும் உண்டு. கோடியக்கரைக்கு அப்பால் இந்திய, இலங்கைக் கடல் எல்லை 1974, 1976ஆம் ஆண்டு உடன்பாடுகளால் வகுக்கப்பட்டிருக்கின்றது. இயந்திரம் பழுதாகிக் காற்றில் மிதந்து, தம்மை அறியாமலேயே அக்கோட்டைக் கடந்துவிடும் படகுகளும் உண்டு. எல்லையைக் கடப்பது எத்தகைய இன்னல்களில் முடிகின்றது என்பதை நாளேடுகளில் படிக்கின்றோம். உதவி வந்து சேரும்வரை சில மணி நேரம் படகைத் தாமதப்படுத்த முடிந்தால், அது ஒரு குடும்பத்தின் பல மாதக் கண்ணீரைத் தவிர்க்கக்கூடும்.

புனித பவுல் சென்ற கப்பல்

பெரியவர் சொல்லிக்கொண்டிருந்தபோது, எங்கள் நினைவு திருத்தூதர் பணிகள் நூலின் 27ஆம் அதிகாரத்துக்குச் சென்றது. நம் முன்னோர் சின்னப்பர் என்று அன்போடு வழங்கிய புனித பவுல், கைதியாக உரோமைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அவர் ஏறிய கப்பல் அலெக்சாந்திரியாவைச் சேர்ந்தது; கோதுமை ஏற்றிச் சென்றது. நம் நாட்டு வாடையைப் போன்ற வடகிழக்குப் பெருங்காற்று ஒன்று கிரேத்துத் தீவருகே அதனைப் பிடித்துக்கொண்டது. ஆப்பிரிக்கக் கரையோரத்து மணற்திட்டுகளில் போய் மோதிவிடுவோமோ என்று அஞ்சிய மாலுமிகள், ஏதோ ஒரு கருவியைக் கடலில் இறக்கி, அவ்வாறே மிதந்து சென்றதாக அந்நூல் கூறுகின்றது.

அவர்கள் இறக்கியது யாது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. பாய்மரத்தின் குறுக்குக் கழியை இறக்கினர் என்பர் சிலர். வேகத்தைத் தணிக்கும் கடல் நங்கூரத்தை இறக்கினர் என்று மொழிபெயர்ப்பவர் பலர். எவ்வாறாயினும் நோக்கம் ஒன்றே: காற்றின் போக்கில் விரைந்து சென்று அழிந்துவிடாமல், மெல்ல மிதப்பது. 1848ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஸ்மித் என்பார் இப்பயணத்தை ஆராய்ந்தார். மணிக்கு ஏறத்தாழ ஒன்றரை மைல் வேகத்தில் மிதந்தால், அக்கப்பல் மால்தா தீவை அடையப் பதின்மூன்று நாட்களுக்கு மேலாகும் என்று கணக்கிட்டார். பதினான்காம் இரவில் கரையை நெருங்கியதாகத் திருநூல் கூறுவதோடு அது பொருந்துகின்றது. ஆழம் குறைந்ததைக் குண்டு விட்டு அறிந்ததும், மாலுமிகள் பின்புறத்திலிருந்து நான்கு இரும்பு நங்கூரங்களை இறக்கி, விடியலுக்காக வேண்டிக் காத்திருந்தனர். ஆழ்கடலில் மிதவேகம், தரை எட்டியதும் நங்கூரம்: அம்முறை இன்றும் மாறவில்லை. அக்கப்பலில் இருந்த 276 பேரில் ஒருவரும் மாளவில்லை.

செபத்தையும் முன்னெச்சரிக்கையையும் எதிரெதிராக நிறுத்திப் பேசுவோர் அவ்வதிகாரத்தை ஒருமுறை படித்துப் பார்த்தல் நலம். தப்பிப்போம் என்று இறைவாக்குப் பெற்ற பவுலே, மாலுமிகள் கப்பலை விட்டு ஓடிவிடாதபடி தடுக்கின்றார். பசித்திருந்தோரை உண்ணச் சொல்கின்றார். விசுவாசம் கயிற்றைக் கைவிடச் சொல்லவில்லை.

திண்ணையில் கிடந்த பை

மணி ஒன்றாயிற்று. அண்ணியார் வாசலிலேயே நின்றார். அப்போதுதான் எங்களுக்கு ஒன்று உறைத்தது. நாங்கள் இவ்வளவு நேரம் கையில் வைத்துப் புரட்டிப் பார்த்த பை, படகில் இருந்திருக்க வேண்டிய பையன்றோ? பெரியவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டோம்.

“ஆமாங்க. ஐஸ் பெட்டிக்கு இடம் பத்தலைன்னு காலையில இறக்கி வெச்சுட்டுப் போயிட்டான். அண்ணி எழுந்து பார்த்தப்ப படகு போயிடுச்சு” என்றார். அந்தத் தாயின் மௌனத்துக்குப் பொருள் அப்போது விளங்கியது. அவர் கையில் தைத்துக்கொண்டிருந்ததும் அதே அளவில் மற்றொரு பைதான். அடுத்த வீட்டுப் படகுக்கு.

அதன் பின்னர் எங்களால் இயல்பாகப் பேச இயலவில்லை. மாசிக் கடல் கொடியதன்று என்பதைப் பெரியவர் எடுத்துரைத்தார். அன்றைய காற்று கடலிலிருந்து கரையை நோக்கி வீசுகின்றது என்பதையும் சொன்னார். அவ்வளவும் உண்மையே. ஆயினும் முன்பு ஒருமுறை காத்திருந்து ஏமாந்த கண்களுக்கு அந்த நியாயங்கள் ஆறுதல் அளிப்பதில்லை.

இரண்டு மணிக்குச் சற்று முன்னர் படகு தெரிந்தது. இயந்திரத்தில் சிறு கோளாறு. கடலிலேயே சரிசெய்துகொண்டு வருவதற்குள் தாமதமாகிவிட்டதாம். இளைஞர் கரையில் குதித்து மீன் கூடையை இறக்கினார். தாய் ஏதும் கேட்கவில்லை, கடிந்துகொள்ளவும் இல்லை. திண்ணைக்குச் சென்று பையைத் தூக்கி வந்தார். முழங்கால் அளவு நீரில் இறங்கி, அதைப் படகின் அணியத்தில் வைத்து, கயிற்றின் முனையைத் தம் கையாலேயே முடிந்தார். மகன் தலை குனிந்து நின்றார். “இனிமே இறக்க மாட்டேம்மா” என்ற அவருடைய குரல் எங்களுக்கும் கேட்டது. “மீன் குறைஞ்சாலும் பரவாயில்லை” என்றார் தாய். அன்று அவர் பேசி நாங்கள் கேட்ட சொற்கள் அவ்வளவே.

தேங்காய் மட்டையின் சாட்சி

மாலையில் பெரியவரும் இளைஞரும் எங்களை அலை முறியும் இடத்துக்கு அப்பால் சிறிது தொலைவு அழைத்துச் சென்றனர். இயந்திரத்தை நிறுத்தியதும் படகு பக்கவாட்டாகத் திரும்பி ஆடத் தொடங்கியது. எங்களுள் ஒருவருக்கு வயிற்றைக் குமட்டியது. பெரியவர் ஒரு தேங்காய் மட்டையை நீரில் போட்டார். படகு காற்றில் கரையை நோக்கி விலகிச் செல்ல, சிறிது நேரத்தில் மட்டை வெகு தூரம் பின்தங்கிவிட்டது.

பின்னர் பையை இட்டார். கயிறு சிறிது சிறிதாக நீண்டு, விறைத்து நின்றது. யாரோ ஒருவர் அணியத்தைக் கையாற் பற்றித் திருப்பியது போலப் படகு மெல்லத் திரும்பி, அலைக்கு முகங்காட்டி நின்றது. ஆட்டம் அடங்கி, ஏறி இறங்கும் தாலாட்டாக மாறியது. மீண்டும் ஒரு மட்டையைப் போட்டார். இம்முறை அது படகை விட்டு வெகுவாக விலகவில்லை.

“பாத்துக்குங்க ஐயா. பை படகைத் தண்ணியோட சேத்து வைக்கும், அவ்வளவுதான். தண்ணியே ஓடுனா நாமும் அதோடதான் ஓடணும்” என்றார். இது முக்கியமான உண்மை. பை காற்றின் வேகத்தைத் தணிக்குமேயன்றி, நீரோட்டத்தை எதிர்த்து நிற்காது. ஆதலால் ஆழம் குறைந்த இடத்தில் இரும்பு நங்கூரமே முதல் துணை. ஆழத்தில் மட்டுமே பை.

அவர் சொன்ன மற்ற எச்சரிக்கைகளையும் இங்கே தொகுத்துத் தருகின்றோம். பையைக் காற்று வரும் பக்கத்திலேயே இட வேண்டும். மறுபக்கத்தில் இட்டால் படகு அதன்மேலேயே ஏறிவிடும். வாயின் கீழ் விளிம்பில் சிறு பாரமும், மேல் விளிம்பில் சிறு மிதவையும் கட்டினால் பை எளிதில் விரியும். கடல் கொந்தளிக்கும்போது கயிற்றை நீளமாக விட வேண்டும். படகு ஓர் அலையின் முகட்டில் ஏறும்போது பையும் வேறோர் அலையின் முகட்டில் இருக்குமாறு நீளத்தைச் சரிசெய்தால் வெட்டியிழுக்காது. கயிறு படகின் விளிம்பில் உராயும் இடத்தில் பழைய ரப்பர் குழாயையோ துணியையோ சுற்ற வேண்டும். இல்லாவிடில் ஓர் இரவில் அறுந்துவிடும். நீர் நிறைந்த பையை வாய்ப்புறமாக இழுத்துத் தூக்க முயலலாகாது. வாலிற் கட்டிய மெல்லிய கயிற்றை இழுத்தால் நீர் கொட்டிப் பை எளிதில் வரும். கயிறு முழுவதும் உள்ளே வந்தபின்னரே இயந்திரத்தை முடுக்க வேண்டும். பை இல்லாதபோது இயந்திரம் நின்றால், கயிற்றிற் கட்டிய வாளிகளோ, பழைய வலைச் சுருளோ, அதுவுமில்லாவிடில் நீண்ட தடித்த கயிற்றுச் சுருளோ ஓரளவு அதே வேலையைச் செய்யும்.

இத்தனைக்கும் மேலாக, கரைக்குச் செய்தி சொல்லுதல் வேண்டும். பை காலத்தை ஈட்டித் தருகின்றது; அக்காலத்துக்குள் உதவி வந்தாக வேண்டும். கடலோரக் காவற்படையின் மீட்பு உதவிக்கு 1554 என்ற எண் இருக்கின்றது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது குமரிக் கரையின் கத்தோலிக்கக் குடும்பங்கள் பல, கடலுக்குச் சென்றோர் எங்கே மிதக்கின்றனர் என்பதே தெரியாமல் ஆலய முற்றங்களில் காத்துக் கிடந்த நாட்களை நாம் மறக்கலாகாது.

திரும்பும் வழியில்

இரவில் தஞ்சை திரும்பும் பேருந்தில் அமர்ந்திருந்தபோது, சாலையோரத்து நெல் மூட்டைகள் மீண்டும் கண்ணிற் பட்டன. விளக்கொளியில் தார்ப்பாய்கள் மின்னின. காலையில் அவை எங்களுக்கு வெறும் பாய்கள். இப்போதோ, அவற்றின் ஒவ்வொரு மடிப்பிலும் கோணி ஊசியோடு அமர்ந்திருந்த ஒரு தாயின் கைகளைக் கண்டோம்.

அந்த அம்மையார் தம் கணவரைத் திரும்பப் பெறவில்லை. ஆயினும் மற்றவர் மனைவியரும் தாய்மாரும் தம்மைப் போலத் திண்ணையில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது என்று எண்ணி, தாமறிந்த தையலைப் போட்டுவருகின்றார். ஒரு பைக்கு அவர் கேட்பது கயிற்றின் விலை மட்டுமே.

உள்நாட்டுப் பங்குகளில் வாழும் நம் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோளுடன் முடிக்கின்றோம். களத்துமேட்டில் உழைத்து ஓய்ந்த தார்ப்பாய்களும், பயன்படுத்திக் கழித்த உறுதியான நைலான் கயிறுகளும் நம் வீடுகளில் மட்கிக்கொண்டிருக்கின்றன. வேளாங்கண்ணிக்கு யாத்திரை செல்லும்போது மெழுகுவர்த்தியோடு அவற்றையும் எடுத்துச் செல்வோமாக. கரையோரப் பங்குகளின் குருக்களிடமோ மீனவர் சங்கங்களிடமோ ஒப்படைத்தால், அவற்றைத் தைக்கத் தெரிந்த கைகள் அங்கே இருக்கின்றன. நம் வயலின் நீர் அவர்கள் கடலைச் சென்று சேருவது போல, நம் நெல்லைக் காத்த பாயும் அவர்கள் பிள்ளைகளிடம் சென்று சேரட்டும்.